அடி இல்லாத பக்கத்தில் அடிக்குறிப்பு

நெய்வேலி நகரியத்தில் வட்டம் 11-இல் இருக்கிறது லிக்னைட் ஹால். 1998-இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சியின் இடம் அதுதான். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு சங்க நூலின் மலிவு விலை மறுஅச்சு வாங்கினேன். வீட்டுக்கு வந்து விரித்தபோது ஒரு குறை தெரிந்தது. பாட்டின் சொற்களுக்கு மேலே 1, 2, 3 என்று சிறிய எண்கள் இருந்தன. அவை சுட்டிய குறிப்புகளைப் பக்கத்தின் கீழும் காணோம், நூலின் முடிவிலும் காணோம். மூத்த பதிப்பாசிரியர் ஒருவர் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பாடவேறுபாடுகளும் ஒப்புமைகளும் தாளை மிச்சப்படுத்துவதற்காக நீக்கப்பட்டிருந்தன. எண்களை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே எதிர்வீட்டுப் பெண் கைப்பேசியோடு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. புறநானூற்றுப் பாட்டொன்றை ஏதோ ஒரு தளத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "மாமா, இந்தக் குட்டி ஒண்ணு என்ன? தொட்டா எங்கியோ கீழ போய் விழுது. திரும்பி வர வழி தெரியல." அச்சில் குறிப்பு தொலைந்திருந்தது. திரையில் குறிப்பு இருந்தும், அதைத் தேடிப் போன வாசகர் தொலைந்தார்.

இந்தக் கட்டுரையின் கேள்வி இவ்விரண்டிலிருந்தும் பிறந்தது. மூலத்தோடு சேர்ந்து வரும் துணைக்குறிப்பு எங்கே நிற்க வேண்டும்? ஓலையும் அச்சும் இதற்கு என்ன விடை கண்டன? வலைப்பக்கம் என்ன விடை காண வேண்டும்? எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை மேல்மண் என்போம். அதை அள்ளி அப்புறப்படுத்தினால்தான் நிலக்கரி கைக்கு வரும். பழைய நூல்களைத் திரையில் ஏற்றுகிறவர்கள் பலர் உரையையும் குறிப்பையும் இந்த மேல்மண் போலவே நினைத்துவிடுகிறார்கள். தமிழில் குறிப்பு என்பது மேல்மண் அன்று. பல நூல்கள் குறிப்பின் துணையால்தான் நம்மிடம் வந்து சேர்ந்தன.

ஓலையில் உரை

தமிழில் துணைக்குறிப்புக்கு நெடிய இலக்கணம் உண்டு. தொல்காப்பிய மரபியலே காண்டிகையையும் உரையையும் பிரித்துப் பேசுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு பவணந்தியின் நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய், உரையின் கூறுகளைப் பதினான்காக வகுக்கிறது. பாடம், கருத்து, சொற்பொருள், உதாரணம், வினா, விடை, விரிவு, துணிவு, பயன் ஆகியவை அவற்றுள் சில. சுருங்கியது காண்டிகை, விரிந்தது விருத்தி. பிற்காலத்தில் பதவுரை, பொழிப்புரை, குறிப்புரை, அரும்பதவுரை, அகலவுரை என்று பெயர்கள் பெருகின. ஒவ்வொரு பெயரும் ஒரு வாசகரின் தேவையைக் குறிக்கிறது. சொல் தெரியாதவருக்குப் பதவுரை, கருத்து மட்டும் போதும் என்பவருக்குப் பொழிப்புரை, வாதம் வேண்டுபவருக்கு விருத்தி. யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதியவர்கள் அவர்கள்.

சங்கத் தொகை நூல்களில் இதற்கும் பழைய அடுக்கு ஒன்று உண்டு. புறநானூற்றுப் பாட்டின் முடிவில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர், பாடிய சூழல் ஆகியவை சிறு குறிப்பாக நிற்கும். 192-ஆம் பாட்டைக் கணியன் பூங்குன்றன் பாடினார், திணை பொதுவியல், துறை பொருண்மொழிக் காஞ்சி என்று நாம் அறிவது அந்தக் குறிப்பால்தான். பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்னும் நான்கும் தரப்பட்டுள்ளன. இக்காலக் கணினியாளர் 'மெட்டாடேட்டா' என்று சொல்வதைத் தொகுப்பாசிரியர்கள் அன்றே பாட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

குறிப்பு மூலத்தைக் காத்த கதையும் இங்கே உண்டு. தகடூர் யாத்திரை முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சிய பாடல்கள் நச்சினார்க்கினியரின் தொல்காப்பிய உரை மேற்கோள்களிலும் புறத்திரட்டிலுமே தங்கின. மேற்கோளை மேல்மண் என்று தள்ளியிருந்தால் அந்த நூலின் சுவடே இருந்திராது.

ஓலைக்கும் குறை உண்டு. அதில் மேல், கீழ், ஓரம் என்று குறிப்புக்குத் தனி இடம் கிடையாது. அடி பிரிக்காமல், நிறுத்தக்குறி இல்லாமல் மூலமும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். உரைக்குள் மேற்கோள், மேற்கோளுக்குள் விளக்கம் என்று கலந்து கிடக்கும். எது பாட்டு, எது உரை, எது உரைகாரர் காட்டிய வேறு பாட்டு என்று பிரிப்பதே தனிப் புலமையாக இருந்தது. எழுதுகிறவர் கை தவறினால் குறிப்பு மூலத்துக்குள் நுழைந்துவிடும், இடைச்செருகலுக்கு அதுவும் ஒரு வழி. குறிப்பு மூலத்தின் அருகே இருக்க வேண்டும், ஆனால் மூலத்தோடு கலந்துவிடக் கூடாது என்னும் பாடத்தை ஓலை கற்றுத்தந்தது.

அச்சு தந்த ஒழுங்கு

1812-இல் சென்னையில் அச்சான திருக்குறள் உரையில்லாத மூலபாடம். பின்னர் ஆறுமுக நாவலர் போன்றோர் உரையோடு அச்சிட்டார்கள். ஆனால் தமிழ் அச்சுப் பக்கத்தில் குறிப்புக்கு முழு இலக்கணம் வகுத்தவர் உ.வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று அவர் பதிப்புகள் வளர்ந்த வரிசையில் குறிப்புகளும் வளர்ந்தன.

அவருடைய பதிப்பில் ஒரு பக்கத்தை நிதானமாகப் பார்த்தால் அடுக்குகள் புலப்படும். மேலே மூலம். அதன் கீழே பழைய உரை. அதற்கும் கீழே, கோட்டுக்கு அடியில், சிறிய எழுத்தில் பிரதிபேதமும் ஒப்புமைப் பகுதியும். நூலின் முன்னே பாட்டுடைத் தலைவர் வரலாறும் புலவர் வரலாறும். பின்னே அரும்பதங்களின் அகராதி. எந்த அடுக்கு யாருடையது என்பதில் குழப்பமே வராது. மணிமேகலைக்குப் பழைய உரை கிடைக்காததால் தாமே அரும்பதவுரை எழுதினார். சிலப்பதிகாரத்தில் பெயர் தெரியாத அரும்பதவுரையாசிரியரையும் அடியார்க்கு நல்லாரையும் தனித்தனியே நிறுத்தினார். புறநானூற்றின் பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்வரும் பாட்டுகளில் உரை இல்லாததைத் தம் சொற்களால் மூடி மறைக்காமல் அப்படியே விட்டார். குறிப்பு எழுதுவதில் நேர்மை என்பது இதுதான்.

இதற்கு நேர்மாறான ஒரு வழியும் தமிழில் வெற்றி கண்டது. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் சந்தி பிரித்து, எளிதில் படிக்கும்படி மூலத்தைத் தந்தன. விரிவான குறிப்பு இல்லாவிட்டாலும் சொற்பிரிப்பே அங்கே ஒரு குறிப்பாகி வாசகரைப் பாட்டுக்குள் அழைத்துச் சென்றது. எல்லா வாசகருக்கும் எல்லாக் குறிப்பும் ஒரே நேரத்தில் வேண்டியதில்லை என்ற உண்மையை அந்தப் பதிப்புகள் காட்டின. திரைக்கு இந்தப் பாடம் மிகவும் பயன்படும்.

நெய்வேலியைச் சுற்றி

நெய்வேலி புதிய ஊர். நிறுவனம் பதிவானது 1956-இல். முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1962-இல். ஆனால் இந்தப் புதிய ஊரைச் சுற்றிக் குறிப்பெழுதும் மரபு பழமையாகவே வேரோடியிருக்கிறது.

பக்கத்தூர் வடலூர். சத்திய ஞான சபையை 1872-இல் நிறுவிய வள்ளலாரை அருட்பா பாடியவராகவே பெரும்பாலோர் அறிவர். அவர் பதிப்பாசிரியரும் உரையாசிரியரும் ஆவார். 1851-இல் ஒழிவிலொடுக்கத்தையும் 1855-இல் தொண்டமண்டல சதகத்தையும் அவர் பதிப்பித்தார். முன்னதன் பாயிரத்துக்கு விருத்தி எழுதினார். பின்னதன் நூற்பெயருக்கு மட்டும் ஒரு தனி இலக்கண விளக்கமே எழுதினார். ஒரு சொல்லுக்கு எவ்வளவு நீண்ட குறிப்பு எழுதலாம் என்பதற்கு அது சான்று. அவருடைய திருவருட்பா 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் முதலில் அச்சேறியது. பின்னர் ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பல தொகுதிகளாகவும், வடலூர் ஊரன் அடிகள் 1972-இல் கால வரிசைப்படியும் பதிப்பித்தனர். பதிப்புக்குப் பதிப்பு பாட்டெண் மாறியது. பழைய கட்டுரை ஒன்றில் திருவருட்பா எண் மட்டும் கண்டால், அது எந்தப் பதிப்பின் எண் என்று தேட வேண்டியிருக்கிறது. குறிப்பு எந்த எண்ணைப் பற்றி நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் திருவருட்பா உரையை வெளியிட்டது. வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1984, 1985 ஆண்டுகளில் தி.வே. கோபாலையரின் தேவாரப் பதிப்பை வெளியிட்டது. அதே புதுச்சேரியிலிருந்து 2007-இல் தேவாரம் குறுந்தகட்டு வடிவில் வந்தது. வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு ஜான் லுக் செவியாரும் எஸ்.ஏ.எஸ். சர்மாவும் உருவாக்கிய தொகுப்பு அது. பாட்டு, மொழிபெயர்ப்பு, சொல்லடைவு, தலங்களின் வரைபடம், ஒலி எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. நெய்வேலிக்கு மேற்கே உள்ள திருமுதுகுன்றத்தின் பதிகத்தைத் திறந்தால் அதன் இடத்தை வரைபடத்தில் காணலாம். ஒரு சொல்லைப் பிடித்தால் அது வரும் வேறு இடங்களுக்குப் போகலாம். தமிழ் மூலத்தின் அருகே துணைக்குறிப்பைத் திரையில் வைத்த முதன்மையான முயற்சிகளில் இது ஒன்று. நம் வட்டாரத்திலேயே நடந்தது.

அடி இல்லாத பக்கம்

அச்சுப் பக்கத்துக்கு அடி உண்டு, ஆகவே அடிக்குறிப்பு உண்டு. வலைப்பக்கத்துக்கு அடி ஏது? அது ஒரே நீண்ட சுருள். நூறு பாட்டு ஒரு பக்கத்தில் இருந்தால், முதல் பாட்டின் குறிப்பு நூறாம் பாட்டுக்கும் கீழே போய்விடும். எதிர்வீட்டுப் பெண் விழுந்த பள்ளம் அதுதான்.

வலையை உருவாக்கியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1993-இல் வந்த மொசைக் உலாவியில் வாசகர் தம் குறிப்பைப் பக்கத்தோடு சேர்த்து வைக்கும் வசதி இருந்தது. 1995-இல் முன்மொழியப்பட்ட எச்.டி.எம்.எல். 3.0 வரைவில் அடிக்குறிப்புக்கென்றே ஒரு கூறு இருந்தது. தொட்டதும் மேலெழும் குறிப்பாக அதைக் காட்டலாம் என்று அந்த வரைவு கருதியது. அந்த வரைவு கைவிடப்பட்டது, அடிக்குறிப்புக் கூறும் அதோடு போயிற்று. பின்னர் வந்த எச்.டி.எம்.எல். 5 பக்கச் செய்திக்கென ஒரு கூறு தந்ததே தவிர, அடிக்குறிப்புக்கெனத் தனிக்கூறு எதையும் தரவில்லை. அதனால் ஒவ்வொரு தளமும் தனக்குத் தோன்றியபடி செய்துகொள்ள நேர்ந்தது.

இன்று புழக்கத்தில் உள்ள வழிகளை ஐந்தாக வகுக்கலாம்.

முதல் வழி, கடைசிக் குறிப்பு. எண்ணைத் தொட்டால் பக்கத்தின் இறுதிக்குத் தாவும், அங்கிருந்து ஒரு மீள்சுட்டி திரும்பக் கொண்டுவரும். விக்கிப்பீடியா இதைப் பரப்பியது. எளியது, அழியாதது, அச்சிட்டாலும் உடன்வரும். ஆனால் வாசிப்பு அறுபடும். மீள்சுட்டி இல்லாவிட்டால் வாசகர் தொலைவார்.

இரண்டாம் வழி, ஓரக்குறிப்பு. மூலத்துக்கு நேர் எதிரே ஓரத்தில் குறிப்பு நிற்கும். கண் சற்றே விலகி உடனே திரும்பிவிடும். அகன்ற திரையில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. வரைபட வடிவமைப்பில் பெயர்பெற்ற எட்வர்ட் டஃப்டியின் நூல்கள் இந்த முறையை மேற்கில் பலருக்குப் பிடித்ததாக்கின. ஆனால் கைப்பேசியில் ஓரமே கிடையாது.

மூன்றாம் வழி, மிதக்கும் குறிப்பு. சுட்டியை மேலே கொண்டுபோனால் ஒரு சிறு பெட்டி எழும். கணினியில் அழகாக இருக்கும். கைப்பேசியில் விரலை மேலே நிறுத்திவைக்கும் செயலே இல்லை, ஆதலால் அந்தக் குறிப்பு வாசகர் கண்ணிலேயே படாமல் போகலாம். 2018-இல் வெளியான வலை அணுகல்தன்மை நெறிமுறை 2.1 இதற்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது. பெட்டியை மூட வழி இருக்க வேண்டும், பெட்டிக்குள் சுட்டியைக் கொண்டுபோனாலும் அது மறையக் கூடாது, வாசகர் தாமே விலகும் வரை அது நிற்க வேண்டும்.

நான்காம் வழி, மடிப்பு. பாட்டின் கீழே 'உரை' என்று ஒரு வரி இருக்கும். தொட்டால் அங்கேயே விரியும், மறுபடி தொட்டால் மடியும். வாசகர் இருந்த இடத்தைவிட்டு நகர வேண்டியதில்லை. நம் உரை மரபுக்கு மிக நெருங்கியது இதுவே. பாட்டு, அதன் கீழே உரை என்னும் ஓலைக்கால வரிசையே இங்கே கதவோடு வருகிறது.

ஐந்தாம் வழி, இணைப்பலகை. ஒரு வரியைத் தொட்டால் பக்கத்திலோ கீழேயோ ஒரு பலகை திறந்து, அந்த வரிக்கு உள்ள எல்லா உரைகளையும் வரிசையாகக் காட்டும். பல உரை உள்ள நூலுக்கு இதுவே ஏற்றது. ஆனால் செய்வதற்கு உழைப்பு மிகுதி.

தமிழ் எழுத்து கேட்பது

மேற்கத்திய வடிவங்களை அப்படியே எடுத்தாள முடியாததற்குத் தமிழிலேயே காரணங்கள் உள்ளன.

முதலாவது, சொல் நீளம். ஒட்டி ஒட்டி வளர்வது தமிழ்ச் சொல். 'அறிந்துகொள்ளவேண்டியிருந்ததனால்' என்பது ஒரே சொல். ஆங்கிலத்துக்கு அளந்த குறுகிய ஓரப்பத்தியில் இது அடங்காது. ஒன்று வரி உடையும், அல்லது சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். தமிழில் ஓரக்குறிப்பு வைப்பதானால் ஓரம் அகலமாக வேண்டும், குறிப்பின் மொழி சுருக்கமாக வேண்டும், வலப்புறத்தை நேராக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, குறியெண். 'நூல்' என்ற சொல்லுக்கு மேலே எண் வைத்தால், அது லகரத்தின் புள்ளிக்குப் பக்கத்திலேயே விழும். இகர ஈகார மேல்விலங்குகளும் அதே உயரத்தில் நிற்பவை. சிறிய திரையில் எண்ணும் புள்ளியும் விலங்கும் ஒன்றோடொன்று மோதும். தமிழ் எண்ணை வைக்கலாம் என்றால், ௧ ககரமாகவே தெரியும், ௭ எகரம், ௮ அகரம். சொல்லின் ஈற்றில் ஒட்டிய எண்ணை எழுத்தாகப் படித்துவிடுவார்கள். எனவே எண்ணைச் சொல்லைவிட்டுச் சற்றே விலக்கி, வேறு நிறத்தில், விரலுக்கு எட்டும் அளவில் வைப்பது நல்லது. இன்னும் நல்லது, எண்ணே இல்லாமல் அருஞ்சொல்லின் அடியில் மெல்லிய கோடிட்டு, சொல்லையே தொடும் இடமாக்குவது. புறநானூற்று 192-ஆம் பாட்டில் வரும் 'புணை' என்னும் சொல்லைத் தொட்டால் 'தெப்பம்' என்று தெரிந்தால் போதும், மாணவர் பாட்டுக்குள் இருப்பார். 2023-இல் வந்த வலை அணுகல்தன்மை நெறிமுறை 2.2 தொடும் இடம் 24 படப்புள்ளிக்கு 24 படப்புள்ளியாவது இருக்க வேண்டும் என்கிறது. வரிக்குள் வரும் இணைப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு. நம் விரல்களுக்கு அந்த விலக்கு தெரியாது.

மூன்றாவது, உரையின் போக்கு. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை சொல்லும்போது எங்கோ உள்ள சொல்லை வேறெங்கோ உள்ள சொல்லோடு கூட்டிப் பொருள் காண்பார். அவருடைய ஒரு குறிப்பு மூலத்தின் ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று, பல அடிகள் தள்ளி நிற்கும் இரண்டு மூன்று இடங்களுக்கு உரியது. ஓர் எண், ஒரு குறிப்பு என்னும் மேற்கத்திய அடிக்குறிப்புக்கு இது அடங்காது. குறிப்பைத் தொட்டதும் அதோடு தொடர்புடைய எல்லாச் சொற்களும் ஒருங்கே ஒளிர வேண்டும். இது முடியாத ஆசையன்று. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2017 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்ட வலைக்குறிப்புத் தரம், ஒரு குறிப்புக்குப் பல இலக்குகள் இருக்கலாம் என்றே வகுத்திருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டு அளவினரான உரையாசிரியர் கேட்டதை அந்தத் தரம் இப்போது தருகிறது.

நான்காவது, நகலெடுப்பு. இன்று வாசகர் படிப்பதோடு நிற்பதில்லை, வரியை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். எடுத்த பாட்டோடு குறிப்பெண்ணும் சேர்ந்து போனால் பாடம் கெடும். அந்தக் கெட்ட பாடத்தை இன்னொரு தளம் எடுத்து ஏற்றும். தேடுபொறி அதையே முன்னால் காட்டும். ஓலைக்கால இடைச்செருகல் புது உருவில் திரும்பும். குறிப்பெண்கள் நகலில் வராதபடி பக்கத்தை அமைப்பது சிறு வேலை. அதைச் செய்யாதது பெரும் பிழை.

தமிழ்த் தளங்களும் உலகமும்

நெய்வேலி கண்காட்சி தொடங்கிய அதே 1998-இல், பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு, பிழை பார்த்து, பழந்தமிழ் நூல்களை விலையின்றி உலகுக்குத் தந்தார்கள். முதலில் பெரும்பாலும் மூலம், பின்னர் உரையோடு கூடிய நூல்களும் சேர்ந்தன. அந்தத் தொண்டுக்குத் தமிழுலகம் என்றும் கடன்பட்டது. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம், மூலத்தோடு உரைகளையும் தன் நூலகத்தில் வைத்தது. தருமபுரம் ஆதீனத்தின் தேவாரத் தளம் பாட்டின் கீழே பொழிப்புரை, குறிப்புரை, மொழிபெயர்ப்பு என்று அடுக்கித் தருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கும்போது அச்சுப் பக்கத்தின் படமும் தட்டச்சிட்ட எழுத்தும் அருகருகே நிற்கின்றன. ஐயம் வந்தால் மூலப்படத்தைப் பார்க்கலாம். குறிப்புகளுள் மிக உயர்ந்த குறிப்பு அந்தப் படம்தான்.

திருக்குறள் செயலிகளையும் குறிப்பிட வேண்டும். அவற்றுள் பல குறளின் கீழே மு. வரதராசனார், சாலமன் பாப்பையா, கலைஞர் கருணாநிதி என்று பெயர் சொல்லி உரைகளை வைக்கின்றன. எதிர்வீட்டுப் பெண் ஒரே குறளுக்கு மூன்று பேர் சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்கிறாள். உரைகாரர்கள் வேறுபடலாம் என்னும் பெரிய உண்மை இதனால் அவளுக்கு எளிதாகப் பிடிபட்டது.

உலகில் இந்தக் கேள்வியை மிக நீண்டகாலம் சிந்தித்தவர்கள் யூதர்கள். 1520-களில் வெனிஸ் நகரில் டேனியல் பாம்பெர்க் அச்சிட்ட தால்முத் பக்கத்தில் மூலம் நடுவே, ராஷியின் உரை ஒருபுறம், தோசஃபோத் என்னும் பிற்கால உரைகள் மறுபுறம். பல நூற்றாண்டுக் குரல்கள் ஒரே பக்கத்தில் பேசும். யூத மரபுக்கு வெளியே, 1697-இல் பியர் பெய்ல் வெளியிட்ட அகராதியில் மூலம் மேலே மெல்லிய இழையாக ஓட, குறிப்புகள் பக்கத்தையே நிரப்பின. இன்று செஃபாரியா என்னும் தளத்தில் யூத நூலின் ஒரு வரியைத் தொட்டால் அதற்கு உள்ள உரைகள் எல்லாம் பக்கப் பலகையில் வரிசையாகத் திறக்கின்றன. நான் மேலே சொன்ன ஐந்தாம் வழியின் சிறந்த வடிவம் அது. பரிமேலழகர், மணக்குடவர், காலிங்கர் எனப் பழைய உரைகள் பல கொண்ட திருக்குறளுக்கும், ஈடு என்னும் உரையும் அதற்கு அரும்பதமும் எனக் குறிப்புக்கே குறிப்பெழுதிய திருவாய்மொழிக்கும் இதைவிடப் பொருத்தமான வடிவம் உண்டா? நம்மிடம் உரைகள் இருக்கின்றன, பலகை ஒன்றுதான் இல்லை.

முடிவு

இவ்வளவையும் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவுகள் இவை.

குறிப்பு மூலத்தின் அருகில் இருக்க வேண்டும். கைப்பேசியே முதன்மையான திரையாகிவிட்ட நம் நாட்டில், பாட்டின் கீழேயே விரியும் மடிப்பு முதல் தேர்வு. அகன்ற திரையில் அதே குறிப்பு ஓரத்துக்கு நகரலாம். சுட்டி மேலே வந்தால் மட்டும் தோன்றும் குறிப்பு ஒருபோதும் ஒரே வழியாக இருக்கக் கூடாது.

குறிப்பு தனித்துத் தெரிய வேண்டும். எழுத்தளவாலோ நிறத்தாலோ கோட்டாலோ அது மூலம் அன்று என்பது பார்த்ததும் விளங்க வேண்டும். நகலெடுத்தால் மூலம் மட்டுமே வர வேண்டும்.

குறிப்புக்குப் பெயர் வேண்டும். யார் உரை, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்பது இல்லாத குறிப்பு தந்தை பெயர் தெரியாத பிள்ளை போலத் திரிய வேண்டியதாகிவிடும். பெயர் போடுவது எழுதியவருக்கு நாம் தரும் மரியாதை மட்டுமன்று, ஐயுறும் உரிமையை வாசகருக்குத் தருவதும் ஆகும்.

குறிப்பு பக்க எண்ணைப் பிடித்து நிற்கக் கூடாது, பாட்டெண்ணைப் பிடித்து நிற்க வேண்டும். திரையில் பக்கம் அழிந்துவிடும், குறள் எண்ணும் புறநானூற்று எண்ணும் அழியா. பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும் கம்பராமாயணத்துக்கும் திருவருட்பாவுக்கும் எந்தப் பதிப்பின் எண் என்பதையும் சேர்த்தே தர வேண்டும்.

குறிப்பு அடுக்கடுக்காக இருக்க வேண்டும். சொற்பொருள் முதலில், பொழிப்பு அடுத்து, பாடவேறுபாடும் ஒப்புமையும் அதற்கும் அடியில். வேண்டிய ஆழம் வரை வாசகர் இறங்கட்டும். நன்னூலார் பதினான்காக வகுத்தது வீண்போகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குறிப்பை வெட்டக் கூடாது. அச்சில் வெட்டுவதற்குத் தாள் விலை என்றொரு சாக்காவது இருந்தது. திரையில் அந்தச் சாக்கும் இல்லை. உ.வே.சா. ஓர் அடிக்குறிப்புக்காக எத்தனை ஏடுகளைப் புரட்டியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தால், அதை நீக்கும் கை நடுங்க வேண்டும்.

பழந்தமிழ் நூலைத் தட்டச்சிட்டு வலையில் ஏற்றும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது ஒன்றே. மூலத்தை ஏற்றிவிட்டு எழுந்துவிடாதீர்கள். கோட்டுக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தையும் ஏற்றுங்கள். ஒரு நூல் முழுவதும் முடியாவிட்டால் பத்துப் பாட்டின் குறிப்புகளையாவது ஏற்றுங்கள், மீதியை அடுத்து வருபவர் தொடர்வார். எதிர்வீட்டுப் பெண் அடுத்த பாட்டைத் தொடும்போது குறிப்பு அவள் விரலடியிலேயே இருக்கட்டும்.